கொவிட்டுக்குப் பின் வரும் மறதியும் மனச்சோர்வும்



கொவிட் என்பது இன்று நம்மில் பலருக்குப் பழைய பேச்சாகிவிட்டது. 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு, 2021 ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை நாடு மூடிக்கிடந்த நாட்கள், முகக்கவசம், ஆள் நடமாட்டமற்ற ஆலய முற்றம் எல்லாம் நினைவில் மங்கிவருகின்றன. அரச கணக்கின்படி நம் நாட்டில் 6 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் உறுதி செய்யப்பட்டது. 16 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். பரிசோதனை எதுவும் செய்யாமல் வீட்டிலேயே படுத்து எழும்பியவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆயினும் சில குடும்பங்களில் அந்த நோய் முற்றாக நீங்கவில்லை. காய்ச்சல் நின்றது, இருமல் நின்றது, மணமும் சுவையும் திரும்பின. ஆனால் ஆள் மட்டும் முன்னைப்போல் இல்லை. கலேவெலப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களை மனத்தில் வைத்து, இதைப் பற்றிச் சற்று விரிவாக இவ்வாரம் படிப்போம்.

கலேவெல சந்தியருகே சில்லறைக் கடை வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இவர் இன்னார் என்று தேட வேண்டாம். பல வீடுகளின் நிலையைக் காட்டுவதற்காக நாம் அமைத்துக்கொண்ட ஆள் இவர். முன்பு பத்துப் பேர் சுற்றி நின்றாலும் மனக்கணக்காகவே கூட்டிச் சொல்லுவார். 2021இல் கொவிட் வந்து பத்து நாள் படுத்தார், பின் எழும்பினார். இன்று மூன்றாவது பொருளின் விலையைக் கூட்டும்போது முதலாவதன் விலை மறந்துவிடுகிறது. மீதிக் காசைக் கூட்டியோ குறைத்தோ கொடுத்துவிடுகிறார். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தால், அடுத்த இரண்டு நாளும் கட்டிலை விட்டு இறங்க முடிவதில்லை. “இவருக்கு இப்போது எதிலும் அக்கறை இல்லை” என்கிறார் மனைவி. “அப்பா சும்மா சாட்டுச் சொல்லுகிறார்” என்கிறான் மகன். கடன் புத்தகம் குழம்பிக் கிடக்கிறது. நாளடைவில் அவரே தம்மைச் சோம்பேறி என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்.

இவர் சோம்பேறி அல்லர், நோயாளி. இந்த நோய்க்கு நீண்டகாலக் கொவிட் என்று பெயர். இப்பெயரை வைத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். எலீசா பெரேகோ என்ற இத்தாலிய தொல்லியலாளர், தாமே நோயுற்றிருந்த நிலையில், 2020 மே மாதத்தில் இச்சொல்லை முதலில் எழுதினார். “இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்” என்று வைத்தியர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சரியாகாதவர்கள் தாங்களே ஒருவரையொருவர் கண்டுபிடித்துத் தங்கள் நோய்க்குப் பெயரிட்டார்கள். 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஒரு வரையறை கொடுத்தது. நோய் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதம் ஆன பின்னரும் காணப்படும் குறிகள், குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு நோயால் வந்தவை என்று விளக்க முடியாதவையாக இருந்தால் அது இந்நோய். நோயுற்ற நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு இவ்வாறு நேர்ந்ததாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. தடுப்பூசி போட்டவர்களிடம் இது குறைவாகவே காணப்படுகிறது. படுக்கையிலேயே கிடக்காமல் இலேசாக நோயுற்றவர்களுக்கும் இது வரலாம். “உனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லையே” என்று சொல்லுவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள்.

மூளைக்கு என்ன நேருகிறது?

நோயாளிகள் இதை மூளையில் மூடுபனி இறங்கியதுபோல் என்று சொல்லுகிறார்கள். வைத்தியர் பார்வையில் அதில் மூன்று குறைகள் அடங்கியிருக்கின்றன. கவனம் நிலைத்து நிற்பதில்லை. ஒன்றைச் செய்துகொண்டே மற்றொன்றை மனத்தில் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைகிறது. மேலே கண்ட கடைக்காரருக்குக் கூட்டல் மறந்துபோகவில்லை, கூட்டும்போது முதல் எண்ணை வைத்திருக்க இடம் போதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனம் வேலை செய்யும் வேகம் தளர்ந்துவிடுகிறது. மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது எத்தனையாவது தேவ இரகசியத்தில் நிற்கிறோம் என்று மணி கையில் இருந்தும் தடுமாறும் அம்மாவுக்கு இருப்பதும் இதே குறைதான். பக்தி குறைந்துவிட்டது என்று அவர் அழ வேண்டியதில்லை.

இது வெறும் எண்ணம் அல்ல என்பதற்கு அளவீடு உண்டு. இங்கிலாந்தில் 1 இலட்சத்து 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் எழுதிய நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளின் முடிவு 2024இல் வெளிவந்தது. நோய்க்குறிகள் தீராதவர்கள், நோயே வராதவர்களை விட, அறிவுத்திறன் அளவுகோலில் ஏறத்தாழ 6 புள்ளிக்குச் சமமான அளவு பின்தங்கியிருந்தனர். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடம் இது ஏறத்தாழ 9 புள்ளி. சித்தம் கலங்கிவிட்டது என்று அஞ்சும் அளவுக்கு இது பெரியதல்ல. ஆனால் கணக்கு எழுதுகிறவர், ஆசிரியர், சாரதி, தாதி போன்றோர் தம் தொழிலில் தடுமாறுவதற்கு இவ்வளவே போதும். காரணம் எது என்பதில் ஆராய்ச்சி தொடருகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றல் அடங்காமல் எரிந்துகொண்டிருத்தல், நுண்ணிய இரத்தக் குழாய்களின் கோளாறு, உடலில் தங்கிவிட்ட கிருமியின் எச்சம் ஆகியவை ஆராயப்படுகின்றன.

இதனோடு மனத்தின் துயரமும் சேர்ந்துகொள்ளுகிறது. மூச்சுத் திணறி ஒட்சிசன் குழாயுடன் கிடந்தவருக்கு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினாலே பழைய பயம் திரும்புகிறது. தொழில் பாதியானவருக்குக் கவலை. தாய் தந்தையரை அந்நாட்களில் இழந்தவர்களுக்கோ துக்கம் முடியாமலே நின்றுவிட்டது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டால் இறந்தோரை எரிக்கவே வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் இருந்தது. புதைக்க விரும்பிய இஸ்லாமியக் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் பட்ட வேதனையைக் கலேவெல அறியும். 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. ஆனால் வீட்டில் சடலம் வைத்து, ஊரார் கூடி, ஒப்பாரி சொல்லி அழ முடியாமற்போன துக்கத்தை எந்த அறிவித்தலும் தீர்த்துவிடாது. இப்படிப்பட்ட துக்கமும் மறதியாகவே வெளிப்படலாம்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. “எல்லாம் மனப்பிரமை” என்று உடல் நோயைத் தள்ளிவிடுவது ஒன்று. “எனக்கு உடல் நோய்தான், மன வைத்தியரிடம் போக நான் பைத்தியமா?” என்று நோயாளியே உதவியைத் தள்ளிவிடுவது மற்றது. மனப் பயிற்சியால் ஒரு நோய் தணிகிறது என்பதால் அது மனத்தில் பிறந்த நோய் என்று ஆகிவிடாது. கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் உதவுகிறது. ஊன்றுகோல் இல்லாததால் கால் முறிந்தது என்று யாரும் சொல்லுவதில்லையே!

முதலில் வைத்தியரைக் காணுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு, இருதய நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் இதே களைப்பையும் மறதியையும் தரும். அவற்றுக்கு மருந்து உண்டு. தம்புள்ளை ஆதார வைத்தியசாலையிலோ மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவுக்குப் போகும்போது, எப்போது நோயுற்றார், இப்போது எந்த வேலை முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நினைவு தடுமாறுகிறவர் வைத்தியர் முன் பாதியை மறந்துவிடுவார். அறுபது வயதைத் தாண்டியவருக்கு மறதி நாளுக்கு நாள் கூடினால், அது கொவிட்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்ட வேண்டாம்.

புனர்வாழ்வு என்பது யாது?

இச்சொல்லைக் கேட்டதும் நம் நாட்டவர் போதைப்பொருளுக்கு அடிமையானோரையோ, போருக்குப் பின் இருந்த முகாம்களையோ நினைப்பர். வைத்தியத்தில் அதன் பொருள் வேறு. இழந்த ஆற்றலில் மீளக்கூடியதை மீட்பதும், மீளாததற்கு மாற்று வழி பழக்குவதுமே புனர்வாழ்வு. முதலாம் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட சிப்பாய்களை ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் கேர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற வைத்தியர் இவ்வாறு பராமரித்தார். இன்று கொவிட் நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் முறைகளிற் பல, மூளை காயப்பட்டவர்களிடமும் பக்கவாத நோயாளரிடமும் நெடுங்காலம் பழகி வந்தவையே.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஆற்றலை அளந்து செலவிடுவது. இதை விளக்கக் கலேவெல விவசாயிகளுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. மழை பொய்த்துக் குளத்தில் நீர் குறைந்த போகத்தில் வயல் முழுவதையும் விதைப்பார்களா? ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அதைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளுவார்கள். அந்த வழக்கத்துக்குச் சிங்களத்தில் பெத்ம என்று பெயர். முழு வயலையும் விதைத்தவன் முழுப் பயிரையும் இழப்பான். இந்நோயாளியின் உடல் நீர் குறைந்த குளம். ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதென்று தேங்கிய வேலையெல்லாம் செய்து முடிப்பார். அன்று ஒன்றும் தெரியாது. 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடம்பு அடித்துப் போட்டதுபோல் விழுந்துவிடுவார். உழைப்பால் மட்டுமன்றி நீண்ட பேச்சாலும், கணக்கு வேலையாலும், அழுகையாலும்கூட இப்படி நேரும். மறுநாள் வருவதால் காரணம் எது என்று யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். காலையில் என்ன செய்தேன், மாலையில் எப்படி இருந்தேன், மறுநாள் எப்படி இருந்தேன் என்று மூன்று வரி போதும். எவ்வளவு செய்தால் மறுநாள் விழாமல் இருக்கிறோம் என்ற அளவு அதிலிருந்து தெரியவரும். அந்த அளவுக்குச் சற்றுக் கீழேயே சில வாரம் நில்லுங்கள். களைத்த பின் ஓய்வதை விட, களைப்பதற்கு முன் ஓய்வதே இங்கு சரி. உட்கார்ந்து மரக்கறி வெட்டுவது, உடுப்புத் தோய்ப்பதை இரண்டு நாளாகப் பிரிப்பது, தண்ணீர் சுமப்பதை வேறொருவரிடம் விடுவது எல்லாம் சிகிச்சையே. “நன்றாக நடந்து வேர்வை சிந்தினால் எல்லாம் போய்விடும்” என்று நல்லெண்ணத்தோடு சொல்லுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உழைத்த மறுநாள் விழுகிறவருக்கு அந்த ஆலோசனை கேடு செய்யும். அப்படி விழாதவருக்கு மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சி நல்லது. எந்த வகை என்பதை வைத்தியரும் அந்தக் கொப்பியும் சேர்ந்து சொல்லட்டும்.

அடுத்தது நினைவுக்கான வழிகள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. விடாமல் பழகும் பொறுமைதான் தேவை. மனத்தில் வைக்க முடியாததை வெளியில் வைப்பதே அடிப்படை. ஒரே ஒரு குறிப்புப் புத்தகம், சட்டைப் பையில் அல்லது கழுத்தில் தொங்கும் பையில். வீடெங்கும் துண்டுக் கடதாசி வேண்டாம். அவற்றைத் தேடுவதே வேறொரு வேலையாகிவிடும். திறப்பு, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி ஆகியவற்றுக்கு ஓர் இடம், எப்போதும் அதே இடம். அடுப்பில் பானை வைத்ததும் கைத்தொலைபேசியில் மணி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை; வானொலியும் தொலைக்காட்சியும் அலறும்போது கடன் கணக்குப் பார்க்க வேண்டாம். மனம் தெளிவாக இருக்கும் வேளை பலருக்குக் காலை. கணக்கு, வங்கி, கடிதம் எல்லாம் அப்போது. நமது கடைக்காரர் மனக்கணக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளாகச் சொல்லிச் சொல்லிக் கணிப்பானில் தட்டட்டும். முதல் மாதம் அவருக்கு வெட்கமாயிருக்கும். மீதிக் காசு சரியாக வரத் தொடங்கியதும் அந்த வெட்கம் போய்விடும்.

செய்யும் வேலையின் நடுவே “இப்போது நான் என்ன செய்யப் புறப்பட்டேன்?” என்று நின்று கேட்டு, பதிலை வாய்விட்டுச் சொல்லப் பழகுவதும் ஒரு முறை. அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று விழிப்பவருக்கு இது பெரிதும் உதவும். வெங்காயப் பாத்திக்குக் கிருமிநாசினி கலப்பது, முச்சக்கர வண்டி ஓட்டுவது, நெல் அடிக்கும் இயந்திரத்தருகே நிற்பது போன்ற வேலைகளில் மட்டும் “சமாளிப்பேன்” என்ற பேச்சு வேண்டாம். அளவு மறந்து மருந்து கலந்தால் வரும் ஆபத்து அவர் ஒருவரோடு நிற்காது.

மூன்றாவது மனத்துக்கான சிகிச்சை. உளவியல் ஆலோசகர் நோயாளியோடு உட்கார்ந்து, அவர் நினைப்பதற்கும் செய்வதற்கும் உடல் படும் பாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பிரித்துப் பார்க்க உதவுகிறார். “இன்று மறந்துவிட்டேன், இனி நான் ஒன்றுக்கும் உதவேன்” என்ற எண்ணம் வந்ததும் மனிதர் வெளியே போவதை நிறுத்துகிறார், உறக்கம் கெடுகிறது, உறக்கம் கெட்டதால் மறதி கூடுகிறது. இந்தச் சுற்றில் எங்காவது ஓரிடத்தை அறுத்தாலும் நன்மை உண்டு. உறங்கி எழும்பும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதிலிருந்தே பலர் தொடங்குகிறார்கள்.

இவற்றால் உண்மையில் பலன் உண்டா? நெதர்லாந்தில் களைப்பு மிகுந்த 114 நோயாளரை வைத்து நடத்திய பரிசோதனையில், 17 வாரம் இத்தகைய உளச் சிகிச்சை பெற்றவர்களின் களைப்பு வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களை விடக் குறைந்தது. இது 2023இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய 585 பேரில், 8 வாரம் குழுவாக உடற்பயிற்சியும் மன ஆதரவும் பெற்றவர்களின் வாழ்க்கை நிலை ஓரளவு மேம்பட்டது, அது 2024இல். ஆனால் எல்லாம் நல்ல செய்தியல்ல. அமெரிக்காவில் 22 நிலையங்களில் 328 பேரிடம் கணினி வழி மூளைப் பயிற்சி, குழுவாகச் சிந்தனைப் பயிற்சி, தலையில் மெல்லிய மின்னோட்டம் செலுத்துதல் ஆகியவற்றைச் சோதித்தார்கள். 2025இல் வந்த முடிவின்படி எல்லாக் குழுவினரும் சிறிது தேறினார்களே தவிர, இவற்றில் எதுவும் மற்றதை விட மேலாக நிற்கவில்லை. மூளையைப் பழையபடி ஆக்கித் தரும் பயிற்சி இன்று எவரிடமும் இல்லை. குறைந்த ஆற்றலோடு ஒழுங்காக வாழவும் அந்த ஆற்றல் மெல்லக் கூடவும் வழி இருக்கிறது. ஆகவே ஞாபகசக்திக்கென்று விளம்பரமாகும் தூளுக்கும் குளிசைக்கும் கடன் வாங்கிப் பணம் கொட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல உணவும் வைத்தியசாலைக்குப் போகும் பஸ் செலவும் ஆகும்.

உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் கட்டணம் இல்லை. அன்றாட வேலைகளை மீண்டும் பழக்குபவரைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் என்பர். பெரிய வைத்தியசாலைகளில் அவரிடம் அனுப்பும்படி வைத்தியரைக் கேட்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசலாம். “நான் இருந்து என்ன பயன்” என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால், அதை அலுப்பில் சொன்னதாகக் கடந்துபோகாதீர்கள்; அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கம் மரத்துப்போதல், நெஞ்சு நோதல் ஆகியவற்றை இந்நோயின் குறிதான் என்று எண்ணித் தாமதிக்க வேண்டாம். 1990 அம்பியூலன்ஸை உடனே அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு

சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. “நேற்றுத்தானே சொன்னேன், மறந்துவிட்டீர்களா?” என்ற கேள்வியால் நினைவு திரும்புவதில்லை. “அப்பா, புத்தகத்தில் ஒருதரம் பாருங்கோ” என்று மகன் சொன்னால் வேலையும் நடக்கும், மரியாதையும் மிஞ்சும். ஒரே மூச்சில் நான்கு செய்தி சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதேவேளை எல்லா வேலையையும் பறித்துவிடவும் வேண்டாம். கடைச் சாவியை அவர் கையிலிருந்து முற்றாக வாங்கிவிட்டால் மனிதர் நொறுங்கிப்போவார். காலை இரண்டு மணி நேரம் கடையில் அவர் இருக்கட்டும், கடன் புத்தகத்தை மகள் சரிபார்க்கட்டும். அந்த இரண்டு மணி நேரம் சில வாரம் தொந்தரவின்றிப் போனால் அரை மணி கூட்டுங்கள். மறுநாள் விழுந்தால், பழைய அளவுக்குத் திரும்புங்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வைத்தியரின் கடிதத்தோடு மேலதிகாரியைக் கண்டு, சில மாதம் குறைந்த நேரம் அல்லது இலகுவான வேலை கேட்பதில் வெட்கமில்லை.

நோயாளி தாயாக இருந்தால் இதெல்லாம் இரட்டிப்புக் கடினம். ஆண் களைத்தால் கட்டிலும், பெண் களைத்தால் வசைச் சொல்லும் கிடைக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்தவர்களாயின், எந்த நாளில் யார் சமைப்பது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

செபமாலை முழுவதும் சொல்ல முடியாத தாய், ஒரு பத்து மணியை மற்றவர்களோடு சேர்ந்து சொல்லட்டும். ஜூன் மாதத்தில் வஹாக்கோட்டைப் புனித அந்தோனியார் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை இப்பகுதியில் எவருக்கு இல்லை? நோயாளியையும் அழைத்துச் செல்லலாம். ஆனால் முதல் நாளும் மறுநாளும் அவருக்கு வேறு வேலை வைக்காதீர்கள். வெயிலுக்கு முன் போய், நிழலில் அமரச் செய்து, கூட்டம் கலைவதற்கு முன் வாகனத்தில் திரும்புங்கள். நடந்து வருவதாக நேர்ந்திருந்தால், அதை வேறொரு நற்செயலாக மாற்றித் தரும்படி பங்குக் குருவானவரிடம் கேட்கலாம். நோயாளியைப் பார்க்க வருகிற அயலவரும் கால் மணி நேரத்தில் எழும்பிவிடுவது நல்லது. தேநீர் ஊற்றும் வேலையை அவருக்கு வைக்க வேண்டாம்.

கிளினிக்குக்கு இரண்டாம் முறை போகும்போது, இரண்டு வாரம் எழுதிய அந்தக் கொப்பியையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள். எந்த வேலைக்குப் பின் விழுந்தார், எத்தனை மணி நேரம் கழித்து விழுந்தார், எத்தனை நாளில் எழும்பினார் என்ற மூன்றையும் ஓரத்தில் கோடிட்டு வைத்தால், கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்திலும் அவர் அதைப் பார்த்துவிடுவார்.